'சாமர்த்தியசாலி' – இங்கிலீஷில் எப்படி எழுதுவது?



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில், உறுப்பினர் ஒருவரின் மகள் வேலைக்கு எழுதிய பயோடேட்டாவை எங்களிடம் காட்டினாள். தான் சாமர்த்தியசாலி என்று சொல்ல, அகராதியைப் பார்த்து 'கன்னிங்' என்று போட்டிருந்தாள். படிக்கிறவர்களுக்கு அது 'சூதுக்காரி' என்றுதான் படும். நல்ல பொண்ணு, ஒரு வார்த்தையால வாய்ப்பு போயிருக்கும்!

சில வார்த்தைகளைத் தெரிந்துகொள்வோம்.

க்விக் லேர்னர்: சொல்லிக் கொடுத்ததைச் சட்டுனு பிடித்துக்கொள்பவர். புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது.

அலர்ட்: கவனம் சிதறாமல் விழிப்பாக இருப்பவர். பணம் வாங்கும் வேலை, நர்ஸ் வேலைக்குப் பொருந்தும்.

ஷார்ப்: கூர்மையான புத்தி உள்ளவர். ஆனால் 'ஷார்ப் டங்' என்றால் சுருக்கென்று பேசும் வாய்.

ஸ்மார்ட்: அமெரிக்காவில் புத்திசாலி, இங்கிலாந்தில் பெரும்பாலும் நேர்த்தியாக உடுத்தியவர். 'ஓவர் ஸ்மார்ட்' என்றால் அதிகப்பிரசங்கி.

வைஸ்: அனுபவத்தில் பக்குவப்பட்டவர். 20 வயதுப் பெண் தன்னைப் பற்றி எழுதினால் ஒட்டாது.

ப்ரில்லியன்ட்: அபார அறிவாளி. இதை மற்றவர்கள்தான் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வார்த்தை மட்டும் போதுமா? போதாது. பக்கத்திலேயே ஒரு சான்று வேண்டும். அந்தப் பெண் 'க்விக் லேர்னர்' என்று மாற்றி, அம்மாவின் குழுவுக்குப் பேரேடு எழுத இரண்டே கூட்டத்தில் கற்றுக்கொண்டதையும் சேர்த்தாள். அதுதான் உண்மையான சாமர்த்தியம்!

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பயோடேட்டாவை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. அனுப்புவதற்கு முன் சேர்ந்தே பார்ப்போம்.