ஒரு கடிதத்துக்கு ஓர் அவுன்ஸ் தங்கம்

1849-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசி. 'பனாமா' என்ற நீராவிக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வந்து தபால் மூட்டைகளை இறக்கியது. மூட்டைகளில் இருந்தவை சுமார் 45,000 கடிதங்கள். அவற்றைப் பிரித்து அடுக்க அஞ்சலகத்தில் இருந்ததோ ஒரு சிலர்தான். பிரிக்கும் வேலைக்குக் கைகொடுக்கப் போன பேயார்ட் டெய்லர் என்ற பத்திரிகையாளர், கதவைச் சாத்திக்கொண்டு இரவு பகலாக வேலை நடந்ததையும் வெளியே வரிசை நீண்டுகொண்டே போனதையும் பின்னர் எழுதி வைத்தார். அந்த வரிசையில் முன்னதாக வந்து இடம் பிடித்துக்கொண்டு, அவசரக்காரர்களுக்கு அதைக் காசுக்கு விற்றவர்களும் உண்டு.

வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே இத்தனை பாடு.

1848 ஜனவரி 24-ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் கொலோமா என்ற இடத்தில் மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் கண்ணில் தங்கத் துகள் பட்டது. அடுத்த ஆண்டே உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தனர். மனைவி மக்களை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விட்டு வந்தவர்கள் ஏராளம். கடிதம் கப்பலில் பனாமா வரை வந்து, குறுகிய நிலப்பகுதியைப் படகிலும் கோவேறு கழுதையிலும் கடந்து, மறுபக்கம் வேறொரு கப்பலில் ஏறி வரவேண்டும். அரசாங்கத் தபால் கட்டணம் அரை அவுன்சுக்கு 40 காசு. அப்படி வந்து சேர்ந்த கடிதமும் சான் பிரான்சிஸ்கோவிலோ சாக்ரமெண்டோவிலோ தேங்கிக் கிடக்கும். தங்கம் தோண்டியவர்களோ பல நாள் பயணத் தொலைவில் மலையோர முகாம்களில் இருந்தனர். அங்கே அஞ்சலகம் கிடையாது. இன்று இந்த ஓடையில் இருப்பவர் அடுத்த மாதம் எந்த ஓடையில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. கடிதத்துக்காகக் குழியை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்தக் குழியில் இன்னொருவர் நிற்பார்.

இந்த இடைவெளியில்தான் தனியார் விரைவு அஞ்சல்காரர்கள் நுழைந்தனர். அவர்களில் முன்னோடியாகப் பேசப்படுபவர் அலெக்சாண்டர் டாட். தங்கம் தோண்ட வந்த இவருக்கு அந்த வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகாம் முகாமாகப் போய்ப் பெயர்களை எழுதிக்கொண்டார். பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு டாலர். சான் பிரான்சிஸ்கோவில் வரிசையில் நின்று கடிதத்தை வாங்கி வந்து கையில் கொடுத்தால், ஒரு கடிதத்துக்கு ஓர் அவுன்ஸ் தங்கத்தூள். அன்றைய சுரங்க விலையில் ஏறக்குறைய 16 டாலர். பட்டியலில் பெயர் இருந்தும் கடிதம் வராமல் போனவர்களுக்கு அந்த ஒரு டாலர் போனதுதான். இருந்தும் கொடுத்தார்கள். ஊரில் பிள்ளை பிறந்ததா, தாய் இருக்கிறாரா என்று தெரியாமல் மாதக்கணக்கில் இருந்தவருக்கு 16 டாலர் பெரிதாகத் தெரிந்திருக்காது.

டாட் வழியில் சிறிதும் பெரிதுமாகப் பல நிறுவனங்கள் முளைத்தன. போகும்போது கடிதம், திரும்பும்போது தங்கம் என்பதே தொழில். ஒவ்வொன்றும் தன் பெயர் பொறித்த முத்திரையைக் கடித உறையில் குத்தியது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இந்த முத்திரைகளைத்தான். அஞ்சல்தலை சேகரிப்பு என்றால் ஆல்பத்தில் தலைகளை ஒட்டிவைப்பது என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். இந்தத் துறையிலோ அஞ்சல்தலை இரண்டாம் பட்சம். முழு உறைதான் பொருள். எந்த முகாமில் புறப்பட்டது, யார் சுமந்தார், எந்த ஊரில் அரசாங்க அஞ்சலில் சேர்ந்தது என்று உறையின் மேல்புறத்தைப் பார்த்தே பாதையை வாசித்துவிடலாம்.

ஓர் உதாரணம். ஆடம்ஸ் நிறுவனம் அன்றைய கலிஃபோர்னியாவில் பெரிய பெயர். கடிதம் மட்டுமின்றி, தொழிலாளர்களின் தங்கத்தையும் வைப்பாக வாங்கி வைத்திருந்தது. 1855 பிப்ரவரியில் ஒரு பெரிய வங்கி சரிந்ததும், பணத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் திரண்டனர். பிப்ரவரி 23-ஆம் தேதி ஆடம்ஸ் கதவை மூடியது. பிறகு திறக்கவே இல்லை. குழியில் முதுகொடிந்து சேர்த்த தங்கத்தை அங்கே கொடுத்து வைத்தவர்கள் கைவிடப்பட்டனர். வேலை இழந்த ஊழியர்களில் சிலர் சேர்ந்து அதே ஆண்டு பசிஃபிக் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினர். அதுவும் இரண்டே ஆண்டுகள்தான் நின்றது. ஆகவே, கலிஃபோர்னிய ஆடம்ஸ் முத்திரையோடு 1856-ஆம் ஆண்டுக் கடிதம் என்று ஒருவர் விற்க வந்தால், விவரம் அறிந்த சேகரிப்பாளர் விலை கேட்கமாட்டார்.

அந்த நெருக்கடியில் ஒரு சில நாள் மூடிவிட்டு மீண்டும் திறந்த நிறுவனம் வெல்ஸ் ஃபார்கோ. ஹென்றி வெல்ஸ், வில்லியம் ஃபார்கோ இருவரும் மற்றவர்களோடு சேர்ந்து 1852-இல் நியூயார்க்கில் தொடங்கியது. இன்று வங்கியாக அறியப்படும் அதே பெயர்தான்.

அரசாங்கத்துக்கு இதெல்லாம் பிடித்திருக்குமா என்ற கேள்வி எழலாம். கடிதம் சுமப்பது அரசாங்கத்தின் உரிமை என்று சட்டம் இருந்தது. ஆனால் மலை முகாம்களுக்கு அரசாங்க ஆள் போகவில்லை. 1852-இல் ஒரு சமரசம் பிறந்தது: அரசாங்கம் தபால் கட்டணத்தை முன்கூட்டியே அச்சிட்ட உறையில் வைத்து அனுப்பினால், தனியார் சுமக்கலாம். அந்த உறைகள் 1853-இல் விற்பனைக்கு வந்தன. விரைவு நிறுவனங்கள் அவற்றை மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரையும் 'கட்டணம் செலுத்தப்பட்டது' என்ற வாசகத்தையும் மேலே அச்சிட்டு விற்றன. அரசாங்கம் சுமக்காத கடிதத்துக்கும் அரசாங்கத்துக்குக் காசு. அதற்குமேல் சுமந்தவருக்கு ஒரு காசு. மக்கள் முணுமுணுக்காமல் இரண்டையும் கட்டினர் என்றால், அரசாங்கத் தபால்மேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். வெல்ஸ் ஃபார்கோ கடிதம் சுமப்பதை நிறுத்தியது 1895-இல்தான்.

அந்நிறுவன உறைகளில் நம் வட்டாரத்தாருக்கு ஆர்வம் தரக்கூடிய ஒரு வகை உண்டு. சீன வணிகர்களுக்கு, சீன எழுத்தில் முகவரி எழுதப்பட்ட உறைகள். 1878-இல் சீனக் கடைகளுக்கென்றே ஒரு விவரப் புத்தகத்தையும் வெல்ஸ் ஃபார்கோ வெளியிட்டது. சீனர்கள் சான் பிரான்சிஸ்கோவை இன்றும் 'ஜியூ ஜின் ஷான்', அதாவது பழைய தங்கமலை என்றே சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்கள் மதிக்கும் இன்னொரு வகை, நிகரகுவா வழிக் கடிதங்கள். அந்தப் பாதையில் சென்ற கப்பல்களுக்கு அரசாங்கத் தபால் ஒப்பந்தம் இல்லை. ஆனால் பல சமயம் அவை முந்திப் போய்ச் சேர்ந்தன. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் பத்திரிகை விற்ற சிலர் கடிதங்களைத் திரட்டி இந்தக் கப்பல்களில் ஏற்றிவிட்டனர். உறையில் 'நிகரகுவா வழியாக, தபாலுக்கு முன்பே' என்று ஒரு முத்திரை. அரசாங்கத்தை முகத்துக்கு நேரே சீண்டும் விளம்பரம்! அவர்களில் ஒருவர் கூவி விற்ற சத்தத்தாலேயே 'சத்தக்காரத் தபால்காரர்' என்று பெயர் வாங்கி, அதையே முத்திரையிலும் பொறித்துக்கொண்டார்.

குதிரை அஞ்சலான போனி எக்ஸ்பிரஸ் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து சாக்ரமெண்டோ வரை ஏறக்குறைய 2,000 மைல், பத்து நாளில். 1860 ஏப்ரல் 3-இல் தொடங்கி, தந்திக் கம்பி வந்ததும் 1861 அக்டோபரில் முடிந்தது. தொடக்கத்தில் அரை அவுன்சுக்குக் கட்டணம் 5 டாலர் என்பதால் எழுதியவர்கள் குறைவு. மிஞ்சிய உறைகள் அதைவிடக் குறைவு. அவற்றில் ஒன்றின்மேல், 1860-இல் பூர்வகுடியினர் பறித்துக்கொண்ட தபாலிலிருந்து மீட்கப்பட்டது என்று குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பை நியூயார்க் போய்ச் சேர்ந்தது 1862-இல்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் தங்க வேட்டை நடந்தது. அங்கே பிரான்சிஸ் பார்னார்ட் என்பவர் 1861-இல் யேல் நகரிலிருந்து கரிபூ சுரங்கங்களுக்குக் கடிதங்களைத் தோளில் சுமந்து நடந்தே போனார். போக வர 760 மைல். கடிதத்துக்கு 2 டாலர், செய்தித்தாளுக்கு ஒரு டாலர்.

இந்த உறைகளெல்லாம் பணக்காரர்களுக்கு மட்டும்தான் என்பதில்லை. 1860-களில் வெல்ஸ் ஃபார்கோ அச்சிட்ட சாதாரண உறைகள் நிறையவே மிஞ்சியுள்ளன. புதியவர்கள் அங்கே தொடங்குவது வழக்கம். சிறு முகாம்களில் ஓரிரு ஆண்டு மட்டும் நடந்த நிறுவனங்களின் முத்திரைதான் அபூர்வம், ஆகவே போலியும் அங்கேதான் அதிகம். உண்மையான பழைய உறையில் பின்னாளில் செய்த முத்திரையைக் குத்திவிடுவார்கள். முத்திரைகள் பலவற்றில் ஆண்டு இருக்காது என்பது ஏமாற்றுவோருக்கு வசதி. உள்ளே கடிதம் இருந்தால் தேதி கிடைக்கும். உறையில் ஒட்டிய தலை எந்த ஆண்டு வெளியானது என்றும் பார்க்கலாம். நியூயார்க்கின் ஃபிலாட்டெலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளின் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை கொடுக்கக்கூடாது.

இன்னொன்று, வீட்டில் தாத்தா காலத்துக் கடிதங்கள் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். பழைய உறை கிடைத்தால் தலையை மட்டும் கத்தரித்து எடுப்பதும், தண்ணீரில் ஊறவைத்து உரிப்பதும் வேண்டாம். தங்க வேட்டைக் காலத்து உறைகள் எத்தனையோ அப்படித்தான் அழிந்தன. தலை ஆல்பத்துக்குப் போனது. யார் யாருக்கு எழுதினார், யார் சுமந்து வந்தார் என்ற விவரம் குப்பைக்குப் போனது.