எலும்போடு உறவாடி – 17: நகராத சில்லு, நகர்ந்த எலும்பு

போன வாரம் மணிக்கட்டுக்குள் ஒளிந்துகொண்டு ஏமாற்றும் படகு எலும்பைப் பார்த்தோம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏமாற்றுக்காரர் இருக்கிறார்: கட்டைவிரலின் அடியில் உடையும் முறிவு. பைக்கில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சாய்ந்து விழுகிறோம். பந்தைத் தடுக்கப் போய் விரல் நுனியில் நேராக அடி வாங்குகிறோம். கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களும் உண்டு. லேசாக மடங்கியிருக்கும் கட்டைவிரலின் நீளவாக்கில் விசை இறங்கினால் உடைவது பெரும்பாலும் இந்த இடம்தான். அடிப்பகுதி வீங்கும், விரல் மடங்கும், நீளும். ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிடு’ என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்.

இந்த முறிவை முதலில் தெளிவாக விவரித்தவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ஹாலரன் பென்னட். கட்டுரை வெளியான ஆண்டு 1882. ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். அப்படியென்றால் பென்னட் எதைப் பார்த்து எழுதினார்? இறந்தவர்களின் எலும்புகளைப் பார்த்து. உடைந்து, தவறாகக் கூடிப்போன எலும்புகளைத் தேடிச் சேர்ப்பது அவருக்குப் பெரும் ஈடுபாடு. அந்தச் சேகரிப்பில் இருந்த கட்டைவிரல் எலும்புகளில், மூட்டுக்குள் சாய்வாக இறங்கிய ஒரே மாதிரி உடைசலைத் திரும்பத் திரும்பக் கண்டார். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர்களுக்குச் சுளுக்கு என்றோ மூட்டு விலகல் என்றோ சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். இன்றும் ‘பென்னட் முறிவு’ என்றுதான் பெயர்.

உடைந்த பிறகு உள்ளே நடப்பதுதான் இதில் விசேஷம். கட்டைவிரலைத் தாங்கும் நீள எலும்பு, மணிக்கட்டில் உள்ள டிரப்பீசியம் என்ற சிற்றெலும்பின் மீது உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பரப்புகளும் குதிரைச் சேணம் போல ஒன்றுக்கொன்று குறுக்காக வளைந்தவை. அதனால்தான் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் நுனியையும் போய்த் தொட முடிகிறது. நீள எலும்பின் அடியில், உள்ளங்கைப் பக்கம், அலகு போன்ற ஒரு மூலை உண்டு. பலமான ஒரு நார் அந்த மூலையை டிரப்பீசியத்தோடு பிணைத்திருக்கிறது. பென்னட் முறிவில் உடைவது இந்த மூலை. எக்ஸ்ரேயைப் பார்க்கும் எவருக்கும் ஒரு சிறு சில்லு பெயர்ந்து விலகிக் கிடப்பதாகத்தான் தோன்றும். உண்மை நேர்மாறானது. சில்லை நார் பிடித்திருக்கிறது. அது இம்மியும் அசையவில்லை. முளைக்குச்சி நட்ட இடத்திலேயே நிற்க, மாடு அறுத்துக்கொண்டு போன கதைதான். பிடிமானம் போன பெரிய எலும்பு மொத்தமாக நழுவிவிடுகிறது.

நழுவ வைப்பவை நம் தசைகளே. கட்டைவிரலை விரிக்கும் தசையின் நாண் எலும்பின் அடியில் வந்து முடிகிறது. அது எலும்பை மணிக்கட்டுப் பக்கமாக மேலே இழுக்கிறது. விரலை உள்ளங்கையோடு சேர்க்கும் தசை, மறுமுனையை உள்நோக்கி மடக்குகிறது. மாவுக்கட்டு மட்டும் போட்டால் பலருக்குத் தோற்றுப்போவதன் காரணம் இதுதான். டாக்டர் விரலை இழுத்தால் எலும்பு எளிதாக இடத்துக்கு வந்துவிடும். விட்டால் அதே எளிமையோடு நழுவும். வீக்கம் வடிந்து கட்டு தளரும்போது கேட்கவே வேண்டாம். நாட்டுக்கட்டின் நிலையும் இதுதான். நீள எலும்பின் நடுவில் உடைந்தது கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் காலம் தள்ளிவிடலாம். மூட்டுப் பரப்பில் விழுந்த படியை எந்தக் கட்டும் அழுத்திச் சமன் செய்யாது.

படி என்றால் எவ்வளவு? 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறுவை நிபுணர்கள் முயல்கிறார்கள்; 2 வரை பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு. இத்தனை நுணுக்கம் ஏன் என்றால், சாவியைத் திருகும்போது விரல் நுனியில் கொடுக்கும் அழுத்தம் இந்த அடி மூட்டில் ஏறத்தாழ 12 மடங்காகப் பெருகுகிறது. பரப்பு சமமாக இல்லாவிட்டால் தேய்மானம் சீக்கிரம் வரும். ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிற எல்லோருக்கும் வலி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, படம் மோசமாக இருந்தும் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்த நோயாளிகள் இருந்திருக்கிறார்கள். அதனால் படத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்தும் பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

சரி, ஆபரேஷன் தியேட்டருக்குள் போவோம். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். உதவியாளர் கட்டைவிரலை நீளவாக்கில் இழுத்து, உள்ளங்கைக்கு முன்னால் விரித்து, சற்றே உள்பக்கம் திருப்புகிறார். சர்ஜன் தன் பெருவிரலால் நழுவிய அடிப்பகுதியை அழுத்துகிறார். ‘சி-ஆர்ம்’ என்ற நகரும் எக்ஸ்ரேயில் எலும்பு சில்லைத் தேடி வந்து பொருந்துவது தெரியும். அந்தக் கணத்தில், தோலைக் கிழிக்காமலே, 1 மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள எஃகுக் கம்பிகளைச் செலுத்துகிறார்கள். ஒன்று டிரப்பீசியத்துக்குள் போகலாம். இன்னொன்று ஆள்காட்டி விரலின் அடி எலும்புக்குள் போகலாம். சில்லைக் கம்பியால் குத்திப் பிடிக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அது எங்கும் போகவில்லையே! ஓடிய எலும்பைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் வேலை முடிந்தது. மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற ஜெர்மானியர் 1909இல் அறிமுகப்படுத்திய கம்பி இது. பென்னட் முறிவுக்கு இதைத் தோல்வழியாகச் செலுத்தும் முறையை வாக்னர் 1950இல் எழுதினார். நான்கு முதல் ஆறு வாரம் கட்டு. பிறகு கம்பியை வெளிநோயாளிப் பிரிவிலேயே உருவிவிடலாம். கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நோயாளியின் பங்கு.

இழுத்தும் பொருந்தாவிட்டால் திறக்கத்தான் வேண்டும். ஸ்வீடனின் கெட்டாவும் மோபெர்க்கும் 1950களில் இதற்கு வழி வகுத்தார்கள். உள்ளங்கைத் தோலும் புறங்கைத் தோலும் சந்திக்கும் கோட்டில் கீறி, தசையை ஒதுக்கி, மூட்டைக் கண்ணால் பார்த்தே பொருத்துவது. சில்லு பெரிதாக இருந்தால் 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போடலாம். சிறிதாக இருந்தால் ஸ்க்ரூவே அதை நொறுக்கிவிடும். கீறும் வழியில் உணர்ச்சி நரம்பின் மெல்லிய கிளைகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று காயப்பட்டால் எலும்பு கூடிய பிறகும் விரல் மரத்தோ எரிந்தோ தொல்லை தரும். சாதாரண பென்னட் முறிவுக்கு இரண்டு கம்பி போதும் என்பதே என் கட்சி. திறப்பதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

அடிப்பகுதி மூன்று துண்டாகவோ தூளாகவோ உடைந்தால் அது வேறு வழக்கு. 1910இல் இத்தாலியர் சில்வியோ ரோலாண்டோ விவரித்த முறிவு அது. துண்டுகள் பெரிதாக இருந்தால் சிறிய பிளேட். தூளாகியிருந்தால் வெளியே சட்டம் மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள். பலனும் பென்னட் அளவுக்கு நன்றாக இருப்பதில்லை.

விழுந்த பிறகு கட்டைவிரலின் அடி வீங்கி, ஒரு டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியவில்லையா? நீவாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது ‘கை’ என்று பொதுவாகச் சொல்லாமல், கட்டைவிரலின் அடி மூட்டுக்கென்று தனியாக எடுக்கச் சொல்லுங்கள். கையின் பொதுப் படத்தில் கட்டைவிரல் சாய்வாக விழுவதால் முறிவு தப்பிவிடும். மாவுக்கட்டு போட்டிருந்தால் ஒரு வாரத்துக்குள் மறுபடி படம் எடுத்துப் பாருங்கள். பத்து நாள் தாண்டினால் இழுத்துப் பொருத்துவது கடினமாகிவிடும். கம்பியில் முடிய வேண்டியது கத்தியில் போய் முடியும்.

(அடுத்த வாரம்: முழங்கை)