பேரேட்டில் பதிந்த தடம்

டெல்லி காவல்துறையில் இணையக் குற்றங்களை விசாரிக்கும் ஐ.எஃப்.எஸ்.ஓ. பிரிவு துவாரகாவில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அது வெளியிட்ட தகவல் ஒன்றை, கிரிப்டோவில் பணம் போடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019இல் மேற்கு டெல்லி வணிகர் ஒருவரிடமிருந்து திருடுபோன பிட்காயினும் ஈதரும் பல கைகள் மாறி, ஹமாஸின் ஆயுதப் பிரிவோடு தொடர்புடைய வாலட்டுகள் வரை போயிருந்தன. திருடுபோன நாளில் அவற்றின் மதிப்பு சுமார் 30 லட்சம் ரூபாய். தடம் தெரிந்தபோது சுமார் நாலரைக் கோடி.

தடம் கிடைக்கக் காரணம் பிட்காயினின் அமைப்பு. 2009 முதல் நடந்த எல்லாப் பரிமாற்றங்களும் அதன் பேரேட்டில் இருக்கின்றன; யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். பெயர் இருக்காது, வாலட் முகவரி இருக்கும். ஆனால் ஒருமுறை ஏறிய கணக்கைத் திருப்பவோ முடக்கவோ அதில் எவருக்கும் அதிகாரம் இல்லை. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிமாற்றத் தொகுப்பு), நொடிக்குச் சுமார் ஏழு பரிமாற்றம் என்ற அளவில் ஓடுவதால் அன்றாடக் கடைச் செலவுக்கும் அது தோதுப்படாது. சேர்த்துவைக்கலாம், அவ்வளவுதான்.

ஈதர் புழங்கும் எத்தீரியத்தின் பலம், பணத்தோடு நிரலையும் ஓடவிடுவது. கடன், ஏலம், கூட்டு வாலட் என எதையும் அதில் எழுதலாம். அங்கேதான் பயமும். 2024 ஜூலை 18 அன்று இந்தியக் கிரிப்டோ சந்தையான வசீர்எக்ஸ் நிறுவனத்தின் எத்தீரிய வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போனது. ஆறில் நான்கு கையொப்பம் இருந்தால்தான் திறக்கும் வாலட் அது. திருடர்கள் பூட்டை உடைக்கவில்லை. வாலட்டை ஆளும் நிரலையே மாற்றும் உத்தரவில் கையொப்பங்களைப் பெற்றுவிட்டார்கள். பாமரச் சேமிப்பாளர்கள் எத்தனையோ பேரின் பணம் அதில் இருந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. இந்த வழக்கும் துவாரகாவுக்குத்தான் வந்தது. வடகொரியாவின் வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக அறிவித்தன.

எடுத்த டோக்கன்களைத் திருடர்கள் வேகவேகமாக ஈதராக மாற்றினார்கள். யு.எஸ்.டி.டி. போன்ற டோக்கனை வெளியிட்ட நிறுவனமே முடக்கிவிடலாம். ஈதரை முடக்க ஆளில்லை. டாலர் மதிப்பை நம்பி யு.எஸ்.டி.டி. வைத்திருப்பவர், அந்த நிறுவனத்தையும் சேர்த்தே நம்புகிறார்.

இன்னொரு கிரிப்டோவான மொனீரோவின் பேரேடு அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றையும் மறைக்கிறது. மேற்கு டெல்லி வணிகரின் காசு அந்த வழியில் போயிருந்தால் தேடுவது பலமடங்கு கடினமாகியிருக்கும். அதே மறைப்பால்தான் 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் சந்தை மொனீரோவைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.