சக்கரக் கால் ஹாக்கி... நீங்கதான் கோச்!



அமெரிக்காவில் மினசோட்டா என்று ஒரு மாநிலம். ஆயிரக்கணக்கில் ஏரிகள். குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துபோகும். பசங்க ஸ்கேட்டிங் ஷூவை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஐஸ் ஹாக்கி ஆடுவார்கள். ஆனால், வெயில் வந்ததும் ஐஸ் உருகிவிடுமே... அப்போது எப்படிப் பயிற்சி எடுப்பது?

அந்த மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் இருந்த ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற அண்ணன், தம்பிக்கு ஒரு கடையில் பழைய ஸ்கேட் ஒன்று கிடைத்தது. அதில் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசையில் இருந்தன. அதைச் சீர்செய்து, 1980-களில் 'ரோலர்பிளேடு' என்ற பெயரில் விற்றார்கள். சக்கரக் கால்களோடு ஆடும் 'இன்லைன் ஹாக்கி' பரவ இது பெரிய காரணம்.

ஒரு பக்கம் கோலி, அவரோடு 4 பேர். பந்து கிடையாது, 'பக்' எனப்படும் வட்டுதான். கேரம் காயைப் பெரிதாக்கியது போல இருக்கும். தரையில் உராயாமல் வழுக்கிப் போக, அதன் இரு பக்கமும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குமிழ்கள் உண்டு. எதிராளியை உடம்பால் இடித்துத் தள்ளினால் தவறு!

சரி, 12 பேர் கொண்ட ஓர் அணிக்கு இன்று நீங்கள்தான் கோச். கோலி தனி. கையில் இருப்பது 60 நிமிடம். என்ன செய்வீர்கள்?

"எல்லாரும் வரிசையா வந்து கோல் அடிங்க" என்பீர்களா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஓடி, அடித்து, திரும்ப 20 விநாடி. 12 பேருக்கு 240 விநாடி, அதாவது 4 நிமிடம். 20 நிமிடம் நடத்தினால் ஒருவருக்கு 5 வாய்ப்பு. அவர் ஆடியது மொத்தமே 100 விநாடி! மீதி 18 நிமிடத்துக்கு மேல் வரிசையில் நின்றதுதான் மிச்சம்.

அதையே 4 பேர் வீதம் 3 குழுவாகப் பிரியுங்கள். முறை 80 விநாடியில் திரும்பி வந்துவிடும். அதே 20 நிமிடத்தில் 15 வாய்ப்பு! ஒரு குழு கோல் அடிக்கட்டும். இன்னொரு குழு பாஸ் கொடுத்துப் பழகட்டும். மூன்றாவது குழு, வரிசையாக வைத்த தண்ணீர் பாட்டில்களுக்கு இடையே வளைந்து வளைந்து வட்டை ஓட்டட்டும். 7 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறச் சொல்லுங்கள்.

ஆனால், அதற்கு முன்னால் முதல் 10 நிமிடம் வேறு வேலை இருக்கிறது. நிற்கப் பழகுவது! ஐஸ் ஸ்கேட்டின் கத்தியைப் போலச் சக்கரம் சட்டென்று சறுக்கி நிற்காது. ஒரு காலை 'டி' வடிவில் பின்னால் குறுக்கே வைத்து, இழுத்து நிற்க வேண்டும். விசில் ஊதினால் கோட்டில் நிற்கணும் என்று விளையாட்டாகவே நடத்தலாம். நிற்கத் தெரியாதவர் வேகமாகப் போனால், சுவர்தான் நிறுத்தும்! ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம், கையுறை இல்லாதவருக்கு உள்ளே அனுமதி இல்லை. கறாராக இருங்கள்.

அடுத்து, இரண்டு பேர் தாக்க, ஒருவர் தடுக்கும் பயிற்சி. எனக்குப் பிடித்தது இதுதான். ஐஸ் ஹாக்கியைவிட ஓர் ஆள் குறைவு என்பதால், இன்லைன் ஆட்டத்தில் இந்த நிலைமை அடிக்கடி வரும். வட்டு வைத்திருப்பவர் அவசரப்பட்டு பாஸ் கொடுத்தால் தடுப்பவருக்குக் கொண்டாட்டம். கோலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தடுப்பவர் நம் பக்கம் நெருங்கியதும் நண்பருக்குத் தள்ளிவிட வேண்டும். தடுப்பவர் என்ன செய்யலாம்? நடுவில் நின்று பாஸை மறித்தால் போதும். அடியைக் கோலி பார்த்துக்கொள்வார். அவரும் சும்மா நின்று போரடிக்காமல் இருப்பார், பாவம்!

இதற்கு 10 நிமிடம். களைப்பதற்கு முன்பே புதிய விஷயத்தைச் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுங்கள். மூச்சு வாங்கும்போது எதுவும் மண்டையில் ஏறாது. பிறகு 14 நிமிடம் நாலுக்கு நாலு மேட்ச். வெளியே இருக்கும் 4 பேரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி இறக்குங்கள்.

இன்னும் 5 நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்கிறீர்களா? தண்ணீர் குடிக்க வேண்டாமா! அப்படியே மூலைகளில் கிடக்கும் வட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, எண்ணிப் பாருங்கள். ஒன்று குறையும். எப்போதும் கோல் வலைக்குப் பின்னால்தான் கிடக்கும்.