சுகர் மாத்திரையும் பாத எரிச்சலும்

ஆலங்குடிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் ராத்திரியானால் சிமெண்டுத் தரையில் பாதத்தை மாற்றி மாற்றி ஒத்திக்கொண்டிருப்பார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா, ஒரே காந்தல்" என்பார். சுகர் வந்தால் அப்படித்தான் என்று வீட்டில் முடித்துவிட்டார்கள். பத்து வருஷமாக விழுங்கும் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை யாரும் சந்தேகப்படவில்லை.

அதிலும் நியாயம் உண்டு. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அறிமுகப்படுத்திய அந்த மருந்து மலிவானது, நல்லது. ஆனால் நெடுநாள் சாப்பிடுபவர்களில் சிலருக்குப் பி12 வைட்டமின் குறைகிறது. அது குறைந்தாலும் கால் எரியும்.

பி12ஐச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. நுண்ணுயிர்களுக்கே தெரிந்த வேலை அது. விராலிமலை வாடிவாசலில் சீறும் காளைக்குக்கூட, வயிற்றில் வைக்கோலை நொதிக்கவைக்கும் பாக்டீரியாதான் பி12 தருகிறது. நாம் பால், மீன், கறி வழியாகப் பெறுகிறோம். நம் குடலிலும் பாக்டீரியா உண்டே? உண்டு. ஆனால் பெருங்கூட்டம் இருப்பது பெருங்குடலில். பி12ஐ உறிஞ்சும் இடமோ அதற்கு முன்பே, சிறுகுடலின் கடைசியில். மடை தாண்டிய தண்ணீர் வயலுக்கு ஏறுமா?

1980இல் வேலூர் சி.எம்.சி.யின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் ஒரு வியப்பை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 செய்யும் பாக்டீரியா இருக்கிறது. மடைக்கு மேலேயே ஓர் ஊற்று! அதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது வேறு விஷயம். பழைய சோற்றிலேயே பி12 கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமைக்கும் இதே பதில்தான்.

உணவில் வரும் பி12, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து அந்த மடைக்கு வருகிறது. மடை திறக்கக் கால்சியம் வேண்டும். மெட்ஃபார்மின் அங்கேதான் குறுக்கிடுகிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம். குடல் பாக்டீரியாக்களின் கலவையையும் அது மாற்றுகிறது; அதற்கும் இதில் பங்கு இருக்கலாம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால், கண்மாய் வற்றுவதுபோல் குறைவது தெரியவே தெரியாது.

2022இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்ஃபார்மினால் பி12 குறைவது அடிக்கடி காணும் பக்கவிளைவு என்றே அறிவித்தது. சர்க்கரையால் வரும் எரிச்சலும் பி12 குறைவால் வரும் எரிச்சலும் காலுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

பெரியம்மாவுக்குப் பி12 ஊசி போட்டார்கள். மருந்து செக்கச் சிவப்பு. நடுவில் கோபால்ட் உட்கார்ந்திருக்கும் பி12இன் சொந்த நிறம் அது. "ரத்தமாப்பா ஏத்துறாங்க?" என்று கேட்டார்.