பழவேற்காட்டில் ‘கொடுத்து வச்சவர்’ யார்? சீட்டு எடுத்து முடிவு செய்யும் மீனவர்கள்

பசியாவரம். பிரித்துப் படித்தால் ‘பசியா வரம்’! பழவேற்காடு ஏரியில் உள்ள மீனவக் கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஒருத்தர் வலையில் இறால் அள்ளிக்கொண்டு வந்தால் நாம என்ன சொல்வோம்? “கொடுத்து வச்சவன்”. பணம் வந்தா சாமி அருள், வராட்டி தலையெழுத்து. சரி, அந்த அருளை ஊரே முறை வைத்துப் பங்கு போட முடியுமா? இந்த ஏரியின் பட்டினவர் சமூக மீனவர்கள் தலைமுறைகளாகச் செய்துவருவது கிட்டத்தட்ட அதுதான். அதற்குப் பெயர் ‘பாடு’.

பாடு எப்படி நடக்குது?

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் இறால் அதிகம் சிக்கும், ஏன்னா கடலுக்கும் ஏரிக்கும் அது போய்வரும் வழி அதுதான். முந்தி வந்தவருக்கே இடம் என்றால் தினமும் அடிதடி. அதனால் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்கிறார்கள். பிறகு முறை மாறும். இப்போது நல்ல இடம் கிடைத்தவர், அடுத்து சுமாரான இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். 1991-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இந்த ஏரியின் பாரம்பரிய முறை பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. இலங்கையின் நீர்கொழும்பு களப்பில் கட்டுவலை போடுபவர்களும் சீட்டில்தான் இடம் பிரிக்கிறார்கள்.

அதிர்ஷ்டம் இங்கேயும் உண்டு. ஆனா அது யார் வீட்டிலும் தங்காது. நேற்றைய இறாலைக் காட்டி ‘கடவுளுக்கு என்னைத்தான் பிடிக்கும்’ என்று யாரும் பெருமை பேச முடியாது.

கோட்டைக்குள் வேறு கணக்கு

இதே கரையில் 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய திருச்சபை கால்வின் வழி வந்தது. யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தேர்ந்துவிட்டார் என்ற கொள்கையை 1618-19-ல் டோர்ட் நகரில் கூடிய சபை உறுதி செய்தது. ‘நான் அந்தப் பட்டியலில் இருக்கேனா?’ என்ற பதற்றத்தில், தொழிலில் கிடைத்த வெற்றியையே விசுவாசிகள் அருளின் அடையாளமாகப் பார்த்தார்கள் என்று 1904-05-ல் எழுதினார் ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். அவர் வாதத்தை மறுப்பவர்களும் நிறைய. பழவேற்காட்டு டச்சு வணிகத்தில் துணி மட்டுமல்ல, அடிமைகளும் இருந்தார்கள். அந்த லாபத்தை எந்தக் கடவுளின் கணக்கில் எழுதுவது?

அப்போ பாடு நியாயமானதா?

முழுசா இல்லை. சீட்டு எடுக்கும் உரிமை பாரம்பரியமாகப் பட்டினவர் ஊர்களின் ஆண்களுக்கே. பெண்களுக்கும் பிற சமூகத்தினருக்கும் சீட்டே கிடையாது. அதாவது, முதல் குலுக்கல் பிறப்பிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் முகத்துவாரம். மணல் மூடி அது அடைபட்டால் இறால் வரத்து குறையும், சீட்டில் எந்த இடம் விழுந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இதை மட்டும் விதின்னு யாரும் விட்டுவிடவில்லை. நிரந்தரமாகத் தூர்வார வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாக அரசிடம் கேட்டுவந்திருக்கிறார்கள்.