கத்தியில் ஏறும் செம்பு

வடகீழ்ப் பருவமழை தொடங்கி நமுனுகுலச் சாரலில் மூடுபனி இறங்கியதும், தேயிலைத் தோட்டங்களில் கொப்புள நோயைப் பற்றிய பேச்சும் எழுந்துவிடும். 1946ஆம் ஆண்டில் இலங்கைக்குள் புகுந்த இந்தப் பூஞ்சண நோய் முற்றிய இலையை விட்டுவிட்டு, கூடைக்குப் போகவேண்டிய இளங்கொழுந்தையே பற்றுவது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் என்பதை மலையகத்தாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இந்நோயைத் தடுக்கத் தெளிக்கப்பட்டு வந்த மருந்துகளுள் செம்புச் சேர்வைகளே தலையாயவை.

அவற்றுள் மூத்தது போர்டோக் கலவை. 1885இல் பிரெஞ்சுப் பேராசிரியர் மில்லார்டே திராட்சைக் கொடிகளுக்காக வெளியிட்ட முறை அது. மரக்கறி பயிரிடுவோருக்கும் நன்கு பழக்கமானது. 100 லீற்றர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இரண்டையும் தனித்தனியே கரைத்துப் பின்னர் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் மட்டும் ஆகாது.

கலந்து முடித்ததும் முதியவர் ஒருவர் தீட்டிய கத்தியை அதில் சற்றுநேரம் அமிழ்த்தி, அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அலகு பளிச்சென்று இருந்தால் தெளிக்கலாம். செந்நிறம் படிந்திருந்தாலோ, "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு தம்பி, இலை கருகிப்போகும்" என்பார்.

அந்தச் செந்நிறம் அசல் செம்பே. மயில்துத்தக் கரைசலில் செம்பு இரண்டு இலத்திரன்களை இழந்த நிலையில் நிற்கிறது. இரும்போ இலத்திரன்களைக் கொடுப்பதில் செம்பை விஞ்சியது. ஆகவே இரும்பு ஒட்சியேறிக் கரைய, செம்பு தாழ்த்தப்பட்டு உலோகமாய் அலகில் ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு போதிய அளவு சேர்ந்தபின் செம்பு கரையாப் பொருளாக மாறிவிடுவதால், கத்திக்கு எதுவும் அகப்படுவதில்லை.

இரும்பே செம்பாக மாறிவிட்டது என்று இரசவாதிகள் நம்பியதில் வியப்பில்லை. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்! சீனர் அந்த மயக்கத்தில் நின்றுவிடவில்லை. 11ஆம் நூற்றாண்டிலேயே, சுங் மன்னர் காலத்தில், செம்புநீர் ஊற்றுகளில் இரும்பை இட்டுப் பெருமளவில் செம்பு எடுத்தனர். ஸ்பெயினின் ரியோ தின்றோச் சுரங்கங்களிலும் பழைய இரும்பைக் கொண்டு இதே வழியில் செம்பு மீட்கப்பட்டது.

நம் மலைச்சரிவுகளிலும் இதற்கு வேலையுண்டு. 1 கிலோ மயில்துத்தத்தில் ஏறக்குறைய 255 கிராம் செம்பு இருக்கிறது. சுண்ணாம்பு சேராத நீலக் கரைசல் மிஞ்சினால் அதை ஓடையில் கொட்டுவோருமுண்டு. செம்பு மீன்களுக்கு நஞ்சு. பதுளை ஓயாப் பக்கம் இறங்கும் நீரோ மகாவலியைச் சேருவது. மண்ணில் ஊறிய செம்பைத் திரும்ப எடுப்பது அரிது, வாளியில் இருப்பதை எடுப்பது எளிது. அந்த 255 கிராமையும் மீட்கக் கணக்குப்படி 224 கிராம் இரும்பு போதும். சற்று மிகுதியாகவே பழைய ஆணிகளை இட்டுச் சில நாள் விட்டுவைக்கலாம். அடியில் செம்மண்போல் செம்புத்தூள் படியும். மேலே நிற்கும் நீர் நீலம் மாறி, இரும்பின் உப்பால் இளம்பச்சையாகத் தெரியும்.